அடாப்டர் எதை மாற்றும், எதை மாற்றாது

புதுக் கணினி வந்து இறங்கியதும் லாரி புக்கிங் ஆபீஸ், அரிசி மண்டி, எடை மேடை போன்ற இடங்களில் எழும் முதல் கேள்வி, "பழைய பிரிண்டரை இதில் எங்கே செருகுவது?" என்பதுதான். மூன்று பிரதி பில்லை ஒரே அடியில் தட்டித் தரும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. ரிப்பன் கிடைக்கிறது, பழுது பார்க்க ஆளும் இருக்கிறார். ஆனால் அதன் கேபிள் முனையில் 25 ஊசிகள். புதுக் கணினியின் பின்புறத்தில் அவற்றுக்கான வாயே இல்லை. கடைக்காரர் ஒரு கேபிளை எடுத்து நீட்டுகிறார். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை பேரலல். மாட்டிப் பார்த்தால் பில் வருகிறது. விஷயம் அதோடு முடிந்தது.

அதே கேபிளை வாங்கும் இன்னொருவருக்கு முடிவதில்லை. அவரிடம் இருப்பது மரப்பலகையில் பூவேலை செதுக்கும் சிறிய சிஎன்சி இயந்திரம். முனை பிசகில்லாமல் பொருந்துகிறது, கணினியும் 'புதிய சாதனம் கிடைத்தது' என்கிறது. இயந்திரம் மட்டும் அசைவதில்லை. அவர் டிரைவரைத் தேடுகிறார், கேபிளை மாற்றுகிறார், விண்டோஸைத் திரும்ப நிறுவுகிறார். கேபிளில் பழுது ஒன்றும் இல்லை. அது செய்ய வந்த வேலையே வேறு. பேரலல் அடாப்டர்களைப் பற்றிய பெரும்பாலான புலம்பல்கள் இந்த ஒரு குழப்பத்திலிருந்து கிளைத்தவை என்பதால், அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பேரலல் போர்ட் பிரிண்டருக்காகப் பிறந்தது. 1970-இல் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் 101 மாடல் பிரிண்டருக்கு வகுத்த இணைப்பு முறை அது. பிரிண்டரின் பக்கம் இன்றும் நாம் பார்க்கிற, இருபுறமும் கம்பிக் கொக்கி வைத்த 36 முனை இணைப்பான் அங்கிருந்து வந்தது. 1981-இல் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது கணினியின் பக்கம் 25 துளை வாயைத் தேர்ந்தெடுத்தது. ஒரே கேபிளின் இரு முனைகளும் இரண்டு உருவத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். இருபுறமும் தரவு போய்வரும் முறைகளை ஒழுங்குபடுத்தி ஐட்ரிபிள்ஈ 1284 என்ற தரநிலை 1994-இல் வந்தது.

அந்த 25 ஊசிகளில் 8 வெறும் தரைக் கம்பிகள். மீதி 17-இல் 8 தரவுக்கு, 4 கணினி பிரிண்டருக்கு ஆணையிட, 5 பிரிண்டர் தன் நிலைமையைச் சொல்ல. ஓர் எழுத்து அச்சாக வேண்டும் என்றால், கணினி அந்த எழுத்தின் எட்டு பிட்டுகளை 2 முதல் 9 வரையான ஊசிகளில் ஒரே நேரத்தில் வைக்கும். 11-ஆம் ஊசியில் 'வேலையாக இருக்கிறேன்' என்ற அடையாளம் இல்லையா என்று பார்க்கும். பிறகு முதல் ஊசியை அரை மைக்ரோ வினாடியாவது கீழே இழுத்து விடும்: 'எடுத்துக்கொள்.' பிரிண்டர் எடுத்துக்கொண்டு, 10-ஆம் ஊசியில் பதில் துடிப்பு ஒன்றை அனுப்பும். அடுத்த எழுத்து. காகிதம் தீர்ந்துவிட்டதா என்று சொல்வதற்கென்றே 12-ஆம் ஊசி இருக்கிறது.

இவ்வளவு எளிமையாக இருந்ததுதான் பின்னால் வந்த சிக்கலுக்கும் வித்து. ஐபிஎம் பிசி வழிவந்த கணினிகளில் இந்த ஊசிகள் ஒவ்வொன்றும் கணினியின் நிலையான முகவரி ஒன்றோடு கட்டப்பட்டிருந்தன. வழக்கமான முகவரி, பதினாறடிமான எண்ணில், 378. நிரலில் ஒரே வரியில் 255 என்ற எண்ணை அந்த முகவரிக்கு எழுதினால் எட்டுத் தரவு ஊசிகளும் உயர் நிலைக்கு ஏறும். சுழியம் எழுதினால் எட்டும் இறங்கும். நடுவில் யாருடைய அனுமதியும் தேவையில்லை. இதைக் கண்டுகொண்டவர்கள் பிரிண்டரை மறந்தே போனார்கள். ரிலே பலகையை மாட்டி விளக்குகளை ஏற்றி அணைத்தார்கள். ஸ்டெப்பர் மோட்டாரைச் சுழற்றினார்கள். ஈப்ராம் சில்லுகளில் நிரலை எழுதினார்கள். மூளை அலைப் பதிவு ஆய்வகங்களில், திரையில் படம் தோன்றிய அதே கணத்தைப் பதிவுக் கருவிக்குத் தெரிவிக்க இந்தப் போர்ட்டைத்தான் நம்பினார்கள். நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்த ஒரு தலைமுறைக்கு இது பழகிய வாசல். விலை உயர்ந்த மென்பொருளைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் டாங்கிள்களும் அங்கேதான் தொங்கின.

ஆக, பேரலல் போர்ட்டுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் உண்டானார்கள். எழுத்துகளை வரிசையாக அனுப்பி, 'அச்சடித்துக்கொள்' என்று விட்டுவிடுபவர்கள் ஒரு வகை. ஒவ்வொரு ஊசியையும் தாமே நேரம் பார்த்து ஏற்றி இறக்குபவர்கள் மறு வகை. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வாய், ஒரே 25 ஊசி.

இப்போது அடாப்டருக்குள் போவோம். முனையைப் பிரித்தால் உள்ளே சிறிய பலகையில் ஒரு சில்லு இருக்கும். புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல் 2305 போன்ற ஒன்று. யூஎஸ்பியில் செருகியதும் அது கணினியிடம் 'நான் ஒரு பிரிண்டர்' என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறது. யூஎஸ்பி தரநிலையில் சாதனங்களுக்கு வகை எண்கள் உண்டு. 7 என்றால் பிரிண்டர். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் போய்ப் பாருங்கள். போர்ட்டுகளின் பட்டியலில், பேரலல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைக்கும் பெயரான எல்பிடி 1 என்று புதிதாக எதுவும் முளைத்திருக்காது. யூஎஸ்பி சாதனங்களின் கீழே 'யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்' என்ற ஒரு வரி மட்டும் சேர்ந்திருக்கும். கணினிக்கு ஊசிகள் தெரியாது, 378 என்ற முகவரியும் கிடையாது. அது தரவைக் கட்டுக்கட்டாக அனுப்புகிறது. கட்டைப் பிரித்து, எட்டு ஊசியில் வைத்து, முதல் ஊசியை இழுத்து, பதிலுக்குக் காத்திருக்கும் வேலை முழுவதையும் அந்தச் சில்லு தானே செய்துகொள்கிறது.

முதல் வகை வாடிக்கையாளருக்கு இது போதும், போதுமென்ன, சௌகரியமும்கூட. இரண்டாம் வகையின் நிரலோ 378-க்கு எழுதுகிறது. அங்கே கேட்க யாருமில்லை. பிழைச் செய்திகூட வராமல் போகலாம். சிஎன்சிக்காரர் ஏமாந்தது இங்கேதான்.

'அப்படியானால் 378 இருப்பதுபோல் பாவனை செய்யும் டிரைவர் ஒன்றை எழுதிவிட்டால் என்ன?' என்ற கேள்வி நியாயமானது. அப்படி முயன்றவர்கள் உண்டு. மாஸ்சிப் 7715, அதற்கும் முந்தைய லூசென்ட் யூஎஸ்எஸ் 720 போன்ற சில்லுகள் ஊசிகளைத் தனித்தனியே தொட இடம் தருகின்றன. லினக்ஸில் அவற்றுக்கு டிரைவரும் இருக்கிறது. ஆனாலும் நேரம் என்ற சுவர் குறுக்கே நிற்கிறது. பழைய போர்ட் வீட்டு வாசலில் நிற்கும் சொந்த சைக்கிள். நினைத்த கணத்தில் ஏறிக் கிளம்பலாம். யூஎஸ்பி டவுன் பஸ். நிறையப் பேரை ஏற்றும், வேகமாகவும் போகும், ஆனால் அட்டவணைப்படிதான் புறப்படும். பழைய யூஎஸ்பி வேகத்தில் அந்த அட்டவணையின் இடைவெளி 1 மில்லி வினாடி. யூஎஸ்பி 2-இன் உயர் வேகத்தில் 125 மைக்ரோ வினாடி.

இதனால் ஓர் இயந்திரத்துக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு 200 படி எடுக்கும் ஸ்டெப்பர் மோட்டார். டிரைவர் பலகை ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரிக்கிறது. ஆக, ஒரு சுற்றுக்கு 1600 துடிப்பு. திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1500 மில்லிமீட்டர் என்ற மிதமான வேகத்தில் செதுக்க வேண்டும் என்றால் வினாடிக்கு 5 சுற்று, அதாவது 8000 துடிப்பு. ஒவ்வொன்றுக்கும் இடையில் 125 மைக்ரோ வினாடிதான். பழைய யூஎஸ்பி வேகத்தில், ஒரு பஸ் கிளம்பி அடுத்தது கிளம்புவதற்குள் எட்டுத் துடிப்பு போயிருக்க வேண்டும், அதுவும் சீராக. ஒன்று தவறினாலும் இயந்திரத்துக்குத் தான் நிற்கும் இடம் மறந்துபோகும். மரத்தில் பூவின் இதழ் இடம் மாறி விழும். டிரைவர் எழுதித் தீர்க்கிற சங்கதி இல்லை இது.

சிஎன்சி வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு திசையில் இருக்கிறது. துடிப்பு உண்டாக்கும் வேலையைக் கணினியிடமிருந்து எடுத்து, இயந்திரத்தின் பக்கம் உள்ள சிறிய கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொடுத்துவிடுவது. கணினி 'இங்கிருந்து அங்கே போ' என்ற திட்டத்தை மட்டும் முன்கூட்டியே அனுப்பும்; துடிப்பு எண்ணுவது பலகையின் பாடு. மாக் 3 என்ற சிஎன்சி மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு யூசி 100, ஸ்மூத்ஸ்டெப்பர் போன்றவை இந்த ரகம். லினக்ஸ்சிஎன்சி பக்கம் ஈதர்நெட்டில் இணையும் மெசா பலகைகள் பேர்பெற்றவை. இதில் யூசி 100 பார்வைக்குச் சாதாரண பேரலல் அடாப்டர் போலவே இருக்கும். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை 25 ஊசி. விலையில்தான் வித்தியாசம் தெரியும். 'அதே மாதிரி சீப்பாக இன்னொன்று இருக்கிறது' என்று யாராவது காட்டினால், அது அதே மாதிரி இல்லை. மாக் 3-இன் பழைய பேரலல் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். போர்ட் உண்மையானதாக இருந்தாலும் அங்கே பயனில்லை.

உண்மையான போர்ட்டே வேண்டும் என்பவர்கள், மேசைக் கணினி வைத்திருந்தால், செலவழிக்கும் முன் பெட்டியைத் திறந்து மதர்போர்டை ஒருமுறை பார்ப்பது நல்லது. பின்புறம் வாய் இல்லாத பல மதர்போர்டுகளில்கூட, ஓரத்தில் எல்பிடி என்று எழுதிய இரட்டை வரிசை ஊசிகள் சும்மா நின்றுகொண்டிருக்கும். அதில் மாட்டி வெளியே 25 துளை வாயைக் கொண்டுவரும் பட்டைக் கேபிள் கிடைக்கிறது. பயாஸில் போர்ட்டை இயக்கிவிட்டால் 378 உட்பட எல்லாம் பழையபடியே இருக்கும். அது இல்லையென்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் பேரலல் கார்டு. இதுவும் உண்மையான போர்ட்தான். ஊசிகளை நேரடியாகத் தொடலாம். ஒரே ஒரு சங்கடம், கார்டுக்குக் கணினி ஒதுக்கும் முகவரி 378 ஆக இருக்காது. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் 'ரிசோர்ஸஸ்' பக்கத்தில் புது முகவரி தெரியும். முகவரியை மாற்றிக் கொடுக்க இடம் வைத்திருக்கிற நிரல் பிழைத்துக்கொள்ளும். 378-ஐ உள்ளேயே எழுதிவைத்து மூடிவிட்ட பழைய டாஸ் நிரல் பிழைக்காது. மடிக்கணினிக்காரர்களுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை.

பிரிண்டர்களுக்குத் திரும்புவோம், ஏனென்றால் கேபிள் வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள்தான். முதலில் பிரிண்டரின் பின்புறத்தைப் பாருங்கள். எப்சன் எல்எக்ஸ் 310 போன்றவற்றில் பேரலலோடு யூஎஸ்பி வாயும் சேர்ந்தே வருகிறது. தூசி படிந்து கண்ணில் படாமல் இருக்கலாம். இருந்தால் சதுர முனை வைத்த சாதாரண யூஎஸ்பி கேபிள் போதும், அடாப்டரே வேண்டாம். இல்லையென்றால் அடாப்டரில் இரண்டு உருவம் உண்டு. நேராகப் பிரிண்டரில் மாட்டும் 36 முனை ஒன்று. இருக்கிற பழைய கேபிளோடு சேரும் 25 துளை மற்றொன்று. நம்மூரில் அதிகம் புழங்கும் எப்சன், டிவிஎஸ் எம்எஸ்பி வகைகளுக்கு முதலாவதே தோதானது. இடையில் ஒரு மூட்டு குறைகிறது. சில ஹெச்பி லேசர்ஜெட்டுகளில் இதே 36 முனை சிறிய உருவத்தில் இருக்கும். அதற்குத் தனிக் கேபிள் கேட்க வேண்டும்.

மாட்டும்போது பிரிண்டர் அணைந்திருக்கட்டும். யூஎஸ்பியைப் போல ஓடும்போதே செருகிப் பிடுங்குவதற்கு ஏற்ப பேரலல் அமைக்கப்படவில்லை. பிறகு 1284 தரநிலைக்கு முந்தைய பிரிண்டராக இருந்தால், அதற்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. அந்தத் தரநிலைக்குப் பிறகு வந்தவைதான் கேட்டால் தம் தயாரிப்பாளரையும் மாடலையும் சொல்லும். எனவே விண்டோஸ் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றால் கலங்க வேண்டாம். பிரிண்டரைக் கையால் சேர்த்து, போர்ட் என்று கேட்கும் இடத்தில் யூஎஸ்பி 001 என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவர் கிடைக்காத டாட் மேட்ரிக்ஸுக்கு, பெரும்பாலானவை எப்சனின் கட்டளை மொழியைப் புரிந்துகொள்ளும் என்பதால், எப்சன் டிரைவர் ஒன்று பொருந்தும். வெறும் எழுத்து மட்டும் அச்சானால் போதுமென்றால் விண்டோஸிலேயே இருக்கும் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி'. அடாப்டரை ஒரே யூஎஸ்பி வாயில் நிலையாக வைத்திருங்கள். வேறு வாயில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் அதைப் புது ஆளாகக் கருதி 002 என்று எண் கொடுத்துவிடுவது உண்டு. பில் பழைய எண்ணுக்குப் போய்த் தேங்கி நிற்கும். 'நேற்று வரை ஓடியது' என்ற புகார்களில் பல இப்படி உண்டாகின்றன.

கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானதாக இருந்தால் இவ்வளவே. ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ எழுதிய டாஸ் நிரலாக இருந்தால் இன்னொரு படி இருக்கிறது. அது எல்பிடி 1 என்ற பெயருக்குத்தான் பில்லை அனுப்பும். நம்மிடம் இருப்பதோ யூஎஸ்பி 001. இரண்டையும் முடிச்சுப் போட, பிரிண்டரை முதலில் பகிர்வுக்கு விட வேண்டும், வலையில் வேறு கணினியே இல்லாவிட்டாலும். பிறகு 'நெட் யூஸ்' என்ற கட்டளையால் எல்பிடி 1-ஐ அந்தப் பகிர்வுப் பெயரோடு கட்டிவிடலாம். நிரல் எல்பிடி 1 என்று நினைத்து எழுதுவதை விண்டோஸ் வாங்கி யூஎஸ்பி பக்கம் திருப்பும். ஊசிகளைத் தானே தொடாமல் டாஸிடம் ஒப்படைக்கிற நிரல் என்பதால் இது கைகொடுக்கிறது.

ஆனால் 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல் தொடங்கவே தொடங்காது. விண்டோஸ் 11-இல் 64 பிட் தவிர வேறு பதிப்பே இல்லை. அடாப்டர் வாங்கிப் போட்டும் 'பில் வரவில்லை' என்பவர்களில் சிலருக்கு உண்மையான தடை இதுதான், பிரிண்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விடாஸ், டாஸ்பாக்ஸ் எக்ஸ் போன்றவை டாஸ் சூழலை உண்டாக்கித் தந்து, எல்பிடி 1-க்குப் போவதைப் பிடித்து விண்டோஸ் பிரிண்டருக்கு அனுப்பவும் வல்லவை. இதை அமைத்துத் தரத் தெரிந்த ஆளுக்குக் கொடுக்கும் கூலி, புது மென்பொருள் வாங்கி இருபது வருஷக் கணக்கை அதில் ஏற்றுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பிரிண்டர் ஒன்று, கணினிகள் பல என்ற அலுவலகங்களில் அடாப்டரை மறந்துவிட்டு பிரிண்ட் சர்வரை யோசிக்கலாம். ஹெச்பியின் பழைய ஜெட்டைரக்ட் பெட்டிகள் போல, ஒருபுறம் ஈதர்நெட், மறுபுறம் பேரலல். எந்தக் கணினியிலிருந்தும் 9100 என்ற எண்ணுள்ள வலைப் போர்ட்டுக்கு அனுப்பினால் அச்சாகும். எந்தக் கணினியிலும் அடாப்டருக்கென்று டிரைவர் போட வேண்டியதில்லை.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். பேரலல் ஸ்கேனர்: யூஎஸ்பி அடாப்டரில் ஓடாது, ஓட வைக்க மெனக்கெடுவதும் வீண், அதைவிடத் தெளிவான படத்தை இன்றைய கைப்பேசி எடுத்துவிடும். அயோமெகா ஜிப் டிரைவ்: அடாப்டரில் ஓடாது. 100 எம்பி தட்டுகளில் பழைய கோப்புகள் மாட்டிக்கொண்டிருந்தால், யூஎஸ்பி வகை ஜிப் டிரைவ் ஒன்றை இரவல் வாங்குவது சுலபம். டாங்கிள்: ஓடாது, மென்பொருள் நிறுவனம் இன்னும் இருந்தால் யூஎஸ்பி டாங்கிளாக மாற்றித் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஈப்ராம் எழுதும் கருவி: புதிதாக யூஎஸ்பியில் வருவது மலிவு.

எதை மாட்டுவதானாலும் ஓர் எச்சரிக்கை. 25 முனை உள்ள எல்லாமே பேரலல் இல்லை. பழைய கணினிகளில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் 25 முனை சீரியல் போர்ட். துளை உள்ளதுதான் பேரலல். சீரியலில் 12 வோல்ட் வரை மேலும் கீழும் போகும். பேரலல் தாங்குவது 5 வோல்ட். ஆண் பெண் மாற்றும் சிறு இணைப்பான் ஒன்றைப் போட்டு இரண்டையும் சேர்த்துவிட்டால் சில்லு போய்விடும்.

எந்த வழியும் பொருந்தாத இயந்திரங்களும் உண்டு: 378-ஐ உள்ளே பூட்டிவைத்த நிரல், அதை எழுதியவர் தொடர்பில் இல்லை, இயந்திரமோ நல்ல வருமானம் தருகிறது. அங்கே புதுக் கணினி வாங்குவதைவிடப் பழையதைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். அதை இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து இன்னொரு டிஸ்க்கில் வையுங்கள். டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்த பிறகு இல்லை, இந்த வாரமே. பயாஸ் அமைப்புகளைத் திரையோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரியை மாற்றுங்கள். பழைய சாமான் கடையில் அதே மாதிரி மதர்போர்டு, பவர் சப்ளை ஒவ்வொன்று கண்ணில் பட்டால் வாங்கி, ஓட்டிப் பார்த்து, எடுத்து வையுங்கள்.

விற்பவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. உறையின் மேல் 'பிரிண்டருக்கு மட்டும். சிஎன்சி, டாங்கிள், ஸ்கேனருக்கு ஆகாது' என்று ஒரு வரி, பக்கத்தில் உள்ளே இருக்கும் சில்லின் பெயர். இப்போது பல உறைகளில் இரண்டுமே இல்லை. அச்சிடும் வரை, வாங்க வருபவரிடம் 'எதில் மாட்டப் போறீங்க?' என்று கடைக்காரர் கேட்டுவிட்டால் பாதிப் பேர் திரும்பி வர வேண்டியிருக்காது.